நல்ல சரக்கு தானாக விற்குமா?

அக்டோபர் 4, 2025

ஒரு வாசகரின் சவால்: “ஆண்டுதோறும் வெளியாகும் ‘புதுமைப் போக்குகள்’ அறிக்கை எல்லாம் விளம்பரத் துறையின் பிழைப்பு. சரக்கு நன்றாக இருந்தால் தானாக விற்கும். விற்காத சரக்குக்குத்தான் அலை, புரட்சி, போக்கு என்று பெயர் வைக்க வேண்டியிருக்கிறது. மறுக்க முடியுமா?”

முதல் பாதியில் எனக்குச் சண்டை இல்லை. அந்த அறிக்கைகளைத் தயாரிக்கும் கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். டிசம்பர் பிறந்ததும் பழைய கோப்பைத் திறப்போம், ஆண்டை மாற்றுவோம், உள்ளே இருக்கும் பெயர்களில் சிலவற்றைப் பிடுங்கிவிட்டு வேறு பெயர்களை நடுவோம். ‘மெட்டாவெர்ஸ்’ இருந்த கட்டத்தில் மறு ஆண்டு ‘செயற்கை நுண்ணறிவு’ வந்து உட்கார்ந்தது. மேல்நோக்கிப் போகும் அம்பு அதே அம்பு. நீலம்கூட அதே நீலம்.

இரண்டாம் பாதிதான் இடிக்கிறது. நகலெடுக்கும் இயந்திரத்தையே பாருங்கள். செஸ்டர் கார்ல்சன் உலர்முறையில் முதல் நகலை எடுத்தது 1938 அக்டோபர் 22. தேதியையும் அஸ்டோரியா என்ற இடப்பெயரையும் மையால் எழுதிய ஒரு கண்ணாடித் துண்டு, கந்தகம் பூசிய துத்தநாகத் தகடு, கொஞ்சம் தூள், ஒரு மெழுகுத்தாள். அவ்வளவுதான் கருவி. வேலை செய்தது. ஆனால் அதை வைத்து ஒரு நல்ல அலுவலக இயந்திரம் சந்தைக்கு வந்தது 1959-இல். இடையில் 21 ஆண்டுகள். அவர் கதவைத் தட்டிய பெரிய நிறுவனங்கள் வேண்டாம் என்றன. ஹாலாய்டு என்ற சிறிய நிறுவனம்தான் எடுத்துக்கொண்டது. அதுவும் பிற்பாடு கூட்டுக்கு ஐபிஎம்மை அழைத்தபோது, ஐபிஎம் ஆலோசகர்களைக் கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

ஆலோசகர்களைக் குறை சொல்ல மாட்டேன். ‘914’ என்ற அந்த இயந்திரத்தின் எடை 290 கிலோவுக்கு மேல். விலை 27,500 டாலர். கார்பன் தாள் சில காசுக்குக் கிடைக்கும்போது எந்த அலுவலகம் இதை வாங்கும்?

ஹாலாய்டு கண்ட வழி, விற்காமல் வாடகைக்கு விடுவது. மாதம் 95 டாலர். அதற்குள் 2,000 நகல்கள் அடக்கம், அதற்கு மேல் போனால் நகலுக்குச் சில சென்ட். பழுதுபார்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. பிடிக்கவில்லை என்றால் 15 நாள் முன்னறிவிப்போடு திருப்பி அனுப்பிவிடலாம். மாதம் 2,000 போதும் என்று நினைத்து வாங்கிய அலுவலகங்கள் அதைத் தாண்டி எடுத்துத் தள்ளின. மீட்டர் ஓடியது. 1961-இல் நிறுவனம் தன் பெயரையே ஜெராக்ஸ் என்று மாற்றிக்கொண்டது.

சரக்கு நன்றாகத்தான் இருந்தது. தானாக விற்கவில்லை.

அதே நாள், இரவு

மேலே விட்டுப்போன ஒன்று. 914-க்குத் தாள் சிக்கினால் உள்ளே தீப்பிடிக்கும் பழக்கம் இருந்தது. நிறுவனம் இயந்திரத்தோடு ஒரு சிறிய தீயணைப்பானையும் கொடுத்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘கருகல் நீக்கி’. விளம்பரத் துறை உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அக்டோபர் 6

“வாடகை என்பது வெறும் தவணைக் கணக்கு. இதில் என்ன புதுமை?” என்று அதே வாசகர்.

தவணையில் வாங்கினால் இயந்திரம் உங்கள் தலையில். வாடகையில் அது கொடுத்தவன் தலையில். வித்தியாசம் அந்த 15 நாளில் இருக்கிறது. முதல்முறை முயன்று பார்ப்பதில் இருக்கும் ஆபத்தை யார் தாங்குவது என்ற கேள்விக்கு ஹாலாய்டு ‘நாங்கள்’ என்று பதில் சொன்னது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அலுவலகக் கணக்கு மென்பொருள் விற்றுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் செயல்விளக்கம் நடந்தது. திரையில் எல்லாம் பளிச்சென்று ஓடியது. வவுச்சரை உள்ளிட்டால் பேரேடு தானாக நிரம்புகிறது, ஒரு விசையைத் தட்டினால் ஐந்தொகை வந்து நிற்கிறது. மேலாளர்கள் தலையாட்டினார்கள். ஓரமாக உட்கார்ந்திருந்த மூத்த கணக்காளர் அம்மையார், மடியில் இருந்த பேரேட்டிலிருந்து பென்சிலை எடுக்காமலே கேட்டார்: “தம்பி, இதில் எண் தப்பாக விழுந்தால் கீழே கையெழுத்துப் போடுவது யார்? நானா, உங்கள் கம்பெனியா?”

“அப்படி எல்லாம் தப்பாக வராது அம்மா” என்றேன். அவர் சிரித்துவிட்டு, தான் கூட்டிக்கொண்டிருந்த பத்தியின் அடியில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். மேலாளர்கள் தலையாட்டுவதை நிறுத்தியிருந்தார்கள். அன்று விற்பனை இல்லை.

பிறகு விற்றோம். ஆண்டுக் கணக்கு முடியும்வரை பழைய பேரேடும் புதிய மென்பொருளும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும், இரண்டும் ஒத்துப்போகாத நாளில் எங்கள் ஆள் வந்து உட்கார்ந்து தேடிக் கொடுப்பான், கடைசியில் சரிவராவிட்டால் பணம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். மென்பொருளில் ஒரு வரிகூட மாற்றவில்லை.

அக்டோபர் 7

இன்னொருவர்: “சவரக் கத்தியைச் சும்மா கொடு, பிளேடில் சம்பாதி. கில்லெட் நூறு வருடம் முன்பே கண்டுபிடித்த வித்தைதானே நீங்கள் சொல்வது?”

எல்லா வணிக வகுப்பிலும் சொல்லப்படும் கதை இது, ஆனால் நடந்தது வேறு. கில்லெட் 1903-இல் விற்கத் தொடங்கியபோது கத்தியின் விலை 5 டாலர். அன்றைக்கு அது சாதாரணத் தொழிலாளி எண்ணிப் பார்த்துச் செலவழிக்க வேண்டிய பணம். காப்புரிமை கையில் இருந்த காலம் முழுவதும் அந்த உயர்ந்த விலையைக் குறைக்கவில்லை. 1921-இல் காப்புரிமை முடிந்து போட்டியாளர்கள் உள்ளே வந்த பிறகுதான் மலிவுக் கத்தி வந்தது. அதாவது வித்தையை யோசித்துச் செய்யவில்லை, நெருக்கடியில் போய் விழுந்தார்கள். அது பலித்ததும், முதலிலிருந்தே திட்டமிட்டதாகக் கதை பிறந்துவிட்டது.

புதுமை வரலாறுகளில் பாதி இப்படி பின்னாலிருந்து முன்னுக்கு எழுதப்பட்டவை.

அக்டோபர் 11

‘ஆபத்து’ என்று எழுதியது போதவில்லை. பணத்தை மட்டும் சொன்னதுபோல் ஆகிவிட்டது. வெட்கம் பணத்தைவிடப் பெரிய தடை.

1937-இல் ஓக்லஹோமா நகரில் சில்வன் கோல்ட்மன் என்ற கடைக்காரர், மடக்கு நாற்காலியைப் பார்த்து யோசித்து, இரண்டு கூடைகள் வைத்த தள்ளுவண்டியைத் தன் பல்பொருள் அங்காடிகளில் நிறுத்தினார். பணம் கேட்கவில்லை, இலவசம். இதைவிடக் குறைந்த ஆபத்து இருக்க முடியாது. யாரும் தொடவில்லை. ‘இந்தக் கூடையைத் தூக்கக்கூட எனக்குத் தெம்பில்லையா’ என்று ஆண்களுக்கு ரோஷம். குழந்தை வண்டி தள்ளித் தள்ளி அலுத்துவிட்டது, இதையுமா என்று இளம்பெண்களுக்கு எரிச்சல். அவர் என்ன செய்தார் என்றால், வெவ்வேறு வயதில் ஆண்களையும் பெண்களையும் கூலிக்கு அமர்த்தி, கடைக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு பொருள் வாங்குவதுபோல் நடமாட விட்டார். உள்ளே வருகிறவர் பார்ப்பார், ‘எல்லோரும் தள்ளுகிறார்கள்’ என்று தானும் ஒன்றை எடுத்துக்கொள்வார். இன்று காசு வாங்கிக்கொண்டு காணொளியில் பொருளைக் காட்டும் பிரபலங்களைப் பற்றி ஏதோ புதிய சீரழிவுபோல் பேசுகிறார்கள். அந்தத் தொழிலுக்குக் குறைந்தது 88 வயது.

‘போஸ்ட்-இட்’ என்ற ஒட்டுத்தாளின் கதையும் இதோடு சேரும். 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் அந்தப் பலவீனமான பசையைக் கண்டது 1968-இல். எதற்குப் பயன்படும் என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே சுற்றிச் சுற்றி எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். பாட்டுப் புத்தகத்தில் அடையாளச் சீட்டு விழுந்துகொண்டே இருந்த எரிச்சலில் ஆர்ட் ஃப்ரை அதற்கு ஒரு வேலை கண்டுபிடித்தார். 1977-இல் நான்கு நகரங்களில் விற்றுப் பார்த்தார்கள், படுத்துவிட்டது. காரணம் எளிது. ஒட்டி எடுக்கக்கூடிய சின்னத் தாள் என்று விளம்பரத்தில் படித்தால் யாருக்கும் அது தேவைப்படாது. மறு ஆண்டு பாய்சி என்ற நகரத்தில் அலுவலகம் அலுவலகமாகப் போய்ச் சும்மா கொடுத்தார்கள். பயன்படுத்தியவர்களில் பத்தில் ஒன்பது பேர் காசு கொடுத்து வாங்குவோம் என்றார்கள். 1980-இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது.

வாசகர் இதைத் தன் கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வார்: “பார்த்தீர்களா, கையில் கிடைத்ததும் சரக்கே விற்றுக்கொண்டது.” சரி. ஆனால் அதைக் கையில் கிடைக்கச் செய்தது யார்?

அக்டோபர் 12

வாசகர் கேட்டிருக்கிறார்: “உங்கள் விதிப்படி செக்வே ஏன் தோற்றது?”

விதி என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் நல்ல கேள்வி. 2001 டிசம்பரில், நகரங்களையே மாற்றப்போகிறது என்ற ஆரவாரத்தோடு நின்றுகொண்டு ஓட்டும் அந்த மின்சார இருசக்கரத் தட்டு வந்தது. விலை ஏறத்தாழ 5,000 டாலர், அதுவும் மொத்தமாக. ஏறி நின்றால் தெருவே திரும்பிப் பார்க்கும், மரியாதையாக அல்ல. பணமும் வெட்கமும் இரண்டுமே வாங்குகிறவர் தலையில். 2020-இல் தயாரிப்பை நிறுத்தும்போது மொத்தம் விற்றது சுமார் 1,40,000.

அக்டோபர் 18

நேற்று நடைபாதையில் நடந்துகொண்டிருந்தபோது குறுக்கே விழுந்துகிடந்த ஒரு வாடகை ஸ்கூட்டரைத் தாண்டிப் போக நேர்ந்தது. கைப்பிடி சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தது, பின்சக்கரத்தின் பச்சை விளக்கு இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் வந்தவர் அதன் முன்னால் நின்றுவிட்டார். குனிந்து தூக்கி ஓரம் வைத்தேன். நல்ல கனம்.

செக்வேயின் பாதித் தோல்வியைச் சரிசெய்தது இந்த ஸ்கூட்டர்தான். நின்றுகொண்டு போகும் மின்சார வண்டி, அதே ஆசை. 2017-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் பேர்ட் என்ற நிறுவனம் அதை நிமிடக் கணக்கில் வாடகைக்கு விட்டது. வாங்க வேண்டாம், நிறுத்த இடம் தேட வேண்டாம், பிடிக்காவிட்டால் அடுத்த திருப்பத்தில் விட்டுவிட்டுப் போகலாம். முயன்று பார்க்கும் ஆபத்து ஏறக்குறைய சூனியம். ஊர் ஊராகப் பரவியது.

என் கட்சி வென்றுவிட்டதா? இல்லை. ‘விட்டுவிட்டுப் போகலாம்’ என்றால் எங்கே? ஓட்டியவர் தலையிலிருந்து இறங்கிய சுமை நடைபாதையில் கிடக்கிறது. அதைச் சுமப்பவர் ஸ்கூட்டரையே தொடாதவர். 2023 ஏப்ரலில் பாரிஸ் மக்களிடம் கேட்டபோது, வாக்களித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு வேண்டாம் என்றார்கள். வாக்களிக்க வந்ததே எட்டு விழுக்காட்டுக்கும் குறைவு என்பது வேறு கதை. செப்டம்பர் பிறந்ததும் வாடகை ஸ்கூட்டர்கள் அங்கிருந்து போய்விட்டன. அதே டிசம்பரில் பேர்ட் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது.

கேமரா வைத்த கூகுள் கண்ணாடிக்கும் இதே கதிதான். 1,500 டாலர் கொடுத்து மாட்டிக்கொண்டவருக்கு அது வேடிக்கை. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு, ‘என்னைப் படம் பிடிக்கிறானா?’ என்ற சந்தேகம். 2015 ஜனவரியில் பொது விற்பனையை நிறுத்தினார்கள். போக்கு அறிக்கைகளில் ‘வாடிக்கையாளர்’ என்ற கட்டம் இருக்கும், ‘போட்டியாளர்’ என்ற கட்டம் இருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு கட்டம் நான் பார்த்ததில்லை. நான் தயாரித்தவற்றிலும் இல்லை.

அக்டோபர் 19

நேற்றையதற்குப் பிறகு, 6-ஆம் தேதிக் குறிப்பை நீட்ட வேண்டும். சுமையை யாரோ ஏற்றுக்கொண்டால் பொருள் பரவும் என்று அங்கே நிறுத்தியிருந்தேன். சுமை கரைவதில்லை, தோள்தான் மாறுகிறது. எனவே புதிதாக எது வந்தாலும் நான் கேட்பது: இதுவரை இதைச் சுமந்தவர் யார், இனிமேல் யார்?

சுயசேவைக் கடையே அப்படி வந்ததுதான். 1916-இல் மெம்ஃபிஸில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ், பிக்லி விக்லி என்ற கடையைத் திறக்கும்வரை, கடைச் சிப்பந்தி உள்ளே போய்ப் பொருளை எடுத்துவந்து கொடுப்பார். சாண்டர்ஸ் வாடிக்கையாளரையே உள்ளே விட்டார். சிப்பந்தியின் நடையை வாடிக்கையாளர் நடந்தார், அதற்குக் கூலியாக விலை குறைந்தது. நியாயமான பரிமாற்றம். இப்போது பில் போடும் வேலையையும் நாமே செய்கிறோம். அதற்கு விலை குறைந்ததா என்று யாராவது பில்லைப் பார்த்துச் சொல்லட்டும்.

அக்டோபர் 25

சந்தா. இதைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், ஏனென்றால் என் சோறு கொஞ்சகாலம் அதில்தான் வெந்தது.

தொடக்கத்தில் சந்தா என்பது ஹாலாய்டின் வாடகைதான். அடோபி 2013-இல் தன் வடிவமைப்பு மென்பொருள்களை மொத்த விலைக்கு விற்பதை விட்டு மாதச் சந்தாவுக்கு மாறியபோது பழைய வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். ஆனால் பெரிய தொகையை முன்னே வைக்க முடியாத மாணவர்களும் தனியாட்களும் முதன்முறையாகத் திருட்டுப் பிரதி இல்லாமல் உள்ளே வந்தார்கள். அதுவரைக்கும் கணக்கு நேர்தான்.

கெடுவது வெளியே போகும் கதவில். சென்ற மாதம் நான் ஒரு சந்தாவை நிறுத்தப் போனேன். ‘நிறுத்து’ என்ற சொல்லே கண்ணில் படவில்லை. ‘கணக்கு’, அதற்குள் ‘திட்டம்’, அதற்குள் ‘திட்டத்தை நிர்வகிக்க’. பிறகு ஒரு சோகமான பூனைக்குட்டிப் படம். அடியில் அகலமான ஆரஞ்சுப் பொத்தானில் ‘தொடர்கிறேன்’. அதற்கும் கீழே, அடிக்கோடுகூட இல்லாத வெளிறிய சாம்பல் எழுத்தில், ‘பரவாயில்லை, என் சலுகைகளை இழக்கச் சம்மதிக்கிறேன்’. அதை அழுத்தினால் பாதி விலைக்குத் தருகிறோம் என்கிறது. அதையும் மறுத்தால் காரணம் கேட்கிறது. காரணத்தைத் தேர்ந்தெடுத்தால் மறுபடி பூனை.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, தெரிந்த முகத்தைப் பார்த்ததுபோல் இருந்தது. இப்படிப்பட்ட பக்கங்களை வடிவமைத்தவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே யாரும் ‘ஏமாற்றுவோம்’ என்று சொல்ல மாட்டார்கள். ‘தக்கவைத்தல் விகிதம்’ என்பார்கள். சாம்பல் எழுத்தின் அடர்த்தியைக் கொஞ்சம் குறைத்தால் விகிதம் கொஞ்சம் ஏறும். ஏறினால் கைதட்டு.

அமேசானின் பிரைம் சந்தாவை ரத்துசெய்யும் பாதைக்கு உள்ளே வைத்திருந்த பெயர் ‘இலியட்’ என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-இல் தொடுத்த வழக்கில் சொன்னது. பத்தாண்டு முற்றுகையின் கடைசி ஆண்டைப் பாடும் கிரேக்கக் காவியத்தின் பெயர். நகைச்சுவை உணர்வுள்ளவர்கள்தான். கடந்த மாதம் 250 கோடி டாலருக்கு அந்த வழக்கு சமரசமானது. சேர்வது எவ்வளவு எளிதோ விலகுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று அதே ஆணையம் 2024 அக்டோபரில் ஒரு விதி கொண்டுவந்தது. இந்த ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம், நடைமுறை சரியில்லை என்று அதைத் தள்ளிவிட்டது.

1959-இல் 15 நாள் முன்னறிவிப்பு போதும். அதுவும் 290 கிலோ இரும்புக்கு.

அக்டோபர் 26

பிஎம்டபிள்யூவை மறந்துவிட்டீர்களே என்று மூன்று பேர் நினைவூட்டியிருக்கிறார்கள். காரிலேயே பொருத்தி வந்த இருக்கைச் சூடேற்றியை, மாதச் சந்தா கட்டினால் இயக்கித் தருகிறோம் என்று 2022-இல் சில நாடுகளில் சொன்னார்கள். 2023-இல் கைவிட்டார்கள். இதில் ஆராய என்ன இருக்கிறது? சொந்த இருக்கைக்கு வாடகை கேட்டால் யார் உட்காருவார்.

நவம்பர் 1

வணிகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன், பண்பாட்டில் புதுமை எப்படிப் பரவுகிறது என்று ஒரு கேள்வி.

என் அனுபவத்தில், நிறுவனம் ஒன்று நினைத்துக் கொடுக்கிறது, மக்கள் வேறொன்றுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். புத்திசாலி நிறுவனம் மக்கள் பின்னால் ஓடுகிறது. ஹேஷ்டேக்கை ட்விட்டர் கண்டுபிடிக்கவில்லை. 2007 ஆகஸ்டில் கிரிஸ் மெசினா என்ற பயனர்தான் சொல்லுக்கு முன்னால் அந்தக் குறியைப் போட்டுப் பேச்சுகளைத் திரட்டலாம் என்று எழுதினார். நிறுவனம் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்த அக்டோபரில் சான் டியேகோ காட்டுத்தீயின்போது செய்தி திரட்ட மக்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 2009-இல்தான் ட்விட்டர் அதைச் சொடுக்கக்கூடிய இணைப்பாக மாற்றியது.

கென்யாவின் கைப்பேசிப் பணச் சேவையான எம்-பெசாவும் அப்படித்தான். சிறுகடன் வாங்கியவர்கள் கைப்பேசி வழியாகத் தவணை கட்டுவதற்காகத்தான் சோதனை ஓட்டம் நடந்தது. மக்களோ ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொண்டார்கள். நடத்தியவர்கள் அதைக் கண்டு முகம் சுளிக்காமல், 2007 மார்ச்சில் ‘வீட்டுக்குப் பணம் அனுப்பு’ என்ற வாசகத்தோடு அதையே சேவையாகத் திறந்தார்கள். பணத்தைத் தெரிந்த ஓட்டுநர் கையில் கொடுத்துவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்று காத்திருந்தவர்களின் பயம் அதோடு போனது.

இரண்டிலும் போக்கை முன்கூட்டி யாரும் கணித்துவிடவில்லை.

நவம்பர் 2

கியூஆர் குறியீட்டைப் பற்றி ஒருவர்: “1994-லேயே வந்தது. 2020 வரை யார் சீண்டினார்கள்? கொள்ளைநோய் வராவிட்டால் செத்துப்போயிருக்கும்.”

சீண்டினார்கள், நம் கண்ணில் படாத இடத்தில். டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு அதை உருவாக்கியது கார் உதிரிப் பாகங்களைக் கண்காணிக்க. காப்புரிமை கையில் இருந்தும், தரப்படி பயன்படுத்துகிறவர்கள்மேல் அந்த உரிமையைச் செலுத்த மாட்டோம் என்று அறிவித்துவிட்டார்கள். முதல் சுமை அங்கேயே இறங்கியது. ஆனால் சாதாரண ஆளுக்கு இன்னொரு சுமை பாக்கி இருந்தது: படிப்பதற்குத் தனிச் செயலி தேடி இறக்க வேண்டும். 2017-இல் ஐபோன் கேமராவே அதைப் படிக்கத் தொடங்கியது. 2020-இல் எதையும் தொடப் பயம் வந்தபோது எல்லாம் தயாராகக் காத்திருந்தது. கொள்ளைநோய் கடைசித் தள்ளு. அதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இருபதாண்டு உழைப்பு காணாமல் போகும்.

பட்டைக்கோடு இன்னும் மோசம். காப்புரிமை 1952. கடையில் முதல் பொருள் ஸ்கேன் ஆனது 1974 ஜூன் 26, ஓஹாயோவின் டிராய் நகரில், ஒரு சூயிங்கம் பொட்டலம். நடுவில் லேசர் மலிவாக வேண்டியிருந்தது, அது ஒரு காரணம். இன்னொன்று, கடைகள் கருவி வாங்காமல் தயாரிப்பாளர் கோடு அச்சிட மாட்டார், கோடு இல்லாமல் கடைகள் கருவி வாங்க மாட்டா. பண்டத் தயாரிப்பாளர்களும் அங்காடிகளும் ஒரே குழுவில் உட்கார்ந்து ஒரு தரத்துக்குச் சம்மதித்த பிறகுதான் நகர்ந்தது. அப்படிப்பட்ட குழுக் கூட்டங்களில் நான் உட்கார்ந்ததுண்டு. உலகத்திலேயே சலிப்பான இடம். போக்கு அறிக்கையில் அதற்குப் படம் போட முடியாது.

நவம்பர் 8

இத்தனை நாள் எழுதியதற்கு எதிராக ஒரு சாட்சி, நானே கொண்டுவருகிறேன்: இசைத்தட்டு.

சுமை குறைந்தால் பரவும் என்றால் இசைத்தட்டு செத்தே கிடக்க வேண்டும். விலை அதிகம், கீறல் விழும், பாதியில் எழுந்து திருப்பிப் போட வேண்டும். கையடக்கத்தில் உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கும் காலத்தில், 2022-இல் அமெரிக்காவில் 4.1 கோடி இசைத்தட்டுகள் விற்றன, குறுந்தகடுகள் 3.3 கோடி. 1987-க்குப் பிறகு எண்ணிக்கையில் தட்டு முந்தியது அதுதான் முதல்முறை. இதைவிட வேடிக்கை, அங்கே தட்டு வாங்குகிறவர்களில் பாதிப் பேரிடம்தான் அதை ஓட்டும் கருவி இருக்கிறது என்று லூமினேட் நிறுவனத்தின் ஆய்வு சொன்னது. மீதிப் பாதி கேட்பதற்காக வாங்கவில்லை.

என் நண்பர் வீட்டு அலமாரியில் உறை பிரிக்காத தட்டுகள் வரிசையாக நிற்கின்றன. ஏன் என்று கேட்டேன். “சந்தாவை நிறுத்தினால் என்னிடம் என்ன மிஞ்சும்?” என்றார். 25-ஆம் தேதிக் குறிப்பை அவர் படித்திருக்கவில்லை.

இதை என் வாதத்துக்குள் இழுத்துப் போட்டு அடைக்கலாம். சந்தா, நம்மிடமிருந்து விலையை மட்டும் இறக்கிவைக்கவில்லை, உடைமையையும் சேர்த்து எடுத்துக்கொண்டது, அதைத் திரும்ப வாங்க மக்கள் மனமுவந்து கனம் சுமக்கிறார்கள் என்று. பாதி உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சிலருக்குத் தட்டைத் திருப்பிப் போடுவதே இன்பம், அதில் எந்தக் கணக்கும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே சாவியால் திறக்கப் பார்ப்பது என் பழைய தொழிலின் வியாதி.

நவம்பர் 9

“செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேண்டுமென்றே தவிர்க்கிறீர்களா?”

ஆமாம். எல்லோரும் எழுதுகிறார்கள் என்பதால். கேட்டுவிட்டதால் சுருக்கமாக. ஜிபிடி-3 என்ற மொழி மாதிரி 2020-லேயே வெளியானது. நிரலாளர்கள் அனுமதி வாங்கி, இணைத்து, காசு கட்டிப் பயன்படுத்தினார்கள். வெளியே பெரிய சத்தம் இல்லை. 2022 நவம்பர் 30 அன்று அதன் மேம்பட்ட வடிவத்தை ஓர் உரையாடல் பெட்டியில் வைத்து, இலவசம் என்று திறந்துவிட்டார்கள். மீதி உங்களுக்குத் தெரியும். வாசகரே, சரக்கு இரண்டு ஆண்டாக அங்கேயேதான் இருந்தது.

இதில் சுமை யார் தோளுக்குப் போகிறது என்பது இன்னும் தீரவில்லை. ஏர் கனடா விமான நிறுவனத்தின் உரையாடல் நிரல், துக்கத்துக்காகப் பயணம் செய்த ஒருவருக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான விவரம் கொடுத்தது. அவர் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, நிரல் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்ற தோரணையில் நிறுவனம் வாதாடியது, ஏதோ அந்த நிரல் தனியாக வீடு கட்டிக் குடியிருப்பதுபோல. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம், உன் தளத்தில் இருப்பதெல்லாம் உன் பொறுப்பு என்று சொல்லி ஈடு கொடுக்க வைத்தது. தொகை சிறியது. ஆனால் இப்போது இத்தகைய கருவிகளை விற்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒப்பந்தத்தின் பொறுப்புப் பிரிவை. செயல்விளக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நவம்பர் 15

ஒரு சின்னச் சந்தேகம் வந்திருக்கிறது: எமோஜியை 1999-இல் ஜப்பானின் டோகோமோ கைப்பேசி நிறுவனத்தில் ஷிகேடகா குரிடாதான் முதலில் உருவாக்கினாரா?

அப்படித்தான் எங்கும் எழுதியிருக்கும். அவருடைய 176 சிறு படங்களை நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 2016-இல் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. ஆனால் 1997-லேயே, பின்னாளில் சாஃப்ட்பேங்க் ஆன நிறுவனத்தின் ஒரு கைப்பேசியில் 90 படங்கள் இருந்தன. அந்தக் கைப்பேசி விலை அதிகம், வாங்கியவர் குறைவு. அடுத்தவரிடமும் அதே கைப்பேசி இல்லாவிட்டால் படம் அனுப்பி என்ன பயன்? டோகோமோவின் படங்கள் ஐ-மோட் என்ற இணையச் சேவையோடு வந்து எல்லோர் கையிலும் போய்ச் சேர்ந்தன.

அருங்காட்சியகத்துக்குள் போகாத அந்த 90-க்குள்தான் சாணக் குவியல் படமும் இருந்தது.